பெயின் கிளினிக் வேலைக்கு 8 மணி நேர டிரெய்னிங் போதுமா?

கேள்வி: அக்கா, நான் நாகர்கோவில்காரி. டெக்சாஸ்ல ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (என்பி, பேஷண்ட்டைப் பாத்து மருந்து எழுதுற நர்ஸ்) படிப்பு முடிச்சிட்டேன், ஒரு பெயின் கிளினிக்ல கூப்பிடுறாங்க. டிஇஏ (போதை தரக்கூடிய மருந்துங்களைக் கட்டுப்படுத்துற அமெரிக்க அரசு அமைப்பு) கேக்குற 8 மணி நேர டிரெய்னிங் பண்ணியாச்சு. அது போதுமா, பெயினுக்குன்னு தனியா சர்டிஃபிகேட் எடுக்கணுமா?
- ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: பேப்பருக்குப் போதும், வேலைக்குப் போதாதும்மா. 2023 ஜூன் 27ல இருந்து டிஇஏ ரிஜிஸ்ட்ரேஷன் (அந்த மருந்துங்களை எழுதுற அனுமதி) எடுக்கிறப்பவோ புதுப்பிக்கிறப்பவோ ஒரு தடவை காட்ட வேண்டிய கணக்கு அது, அதுல பெரும்பகுதி போதைப் பழக்கத்தைக் கண்டுபிடிச்சு வைத்தியம் பாக்குறது பத்திதான். பல வருஷ முதுகுவலியோட வர்றவருக்கு அது நரம்பு வலியா மூட்டு வலியான்னு பிரிச்சுப் பாக்க அதுல கத்துக்க முடியாது.

அமெரிக்க நர்ஸுங்களுக்கு சர்டிஃபிகேட் தர்ற ஏஎன்சிசியோட பெயின் மேனேஜ்மென்ட் சர்டிஃபிகேட் ஆர்என் (ரிஜிஸ்டர்ட் நர்ஸ்) லெவலுக்கு உள்ளது. எடுத்தா நல்லதுதான், ஆனா மருந்து எழுதுற அதிகாரம் அதனால ஒரு இம்மி கூடாது.

உங்க ஊர்ல அதைவிட முக்கியம் ஸ்டேட் சட்டம். ஷெட்யூல் 2 மருந்துங்க (அடிமையாக்குற ஆபத்து அதிகம்னு கடுமையா கட்டுப்படுத்துறது), அதாவது ஆக்ஸிகோடோன், 2014ல அந்த லிஸ்ட்ல ஏத்தின ஹைட்ரோகோடோன் மாத்திரைங்க, இதெல்லாம் டெக்சாஸ்ல என்பி எழுதணும்னா ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனவங்க, எமர்ஜென்சிக்கு வந்தவங்க, ஹாஸ்பிஸ்ல (கடைசிக் காலப் பராமரிப்பு) இருக்கிறவங்க, இவங்களுக்குத்தான். வெளி கிளினிக்ல டாக்டர்தான் எழுதணும். அதனால இன்டர்வியூலயே கேட்டுருங்க, டாக்டர் தினமும் வருவாரா, முதல் சில மாசம் அவர்கூட உக்காந்து பேஷண்ட் பாக்க விடுவாங்களா, பிசியோ, கவுன்சலிங்க்கு ஆள் இருக்கான்னு. மழுப்புனாங்கன்னா அங்க ரீஃபில் போடுறதைத் தவிர நீங்க ஒண்ணும் கத்துக்கப் போறதில்ல, சம்பளம் எவ்ளோ இருந்தாலும் நான்னா போக மாட்டேன்.

படிக்கணும்னா இந்த மருந்துங்களோட டோஸ் குறைக்கிறதை முதல்ல படிங்க. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2016ல ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான அளவுக்கு ஏத்தாதீங்கன்னு எச்சரிக்கையா சொன்னதைப் பல இடத்துல சட்டம் மாதிரி எடுத்துக்கிட்டு, வருஷக்கணக்கா சாப்பிட்டவங்களுக்கு பொசுக்குன்னு மருந்தை வெட்டிட்டாங்க, அந்த ஜனங்க பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல. 2022 கைட்லைன்ல அந்த நம்பரையே எடுத்துட்டாங்க, உயிருக்கு ஆபத்துன்னா ஒழிய சட்டுனு நிறுத்தாதீங்க, பேஷண்ட்கிட்ட பேசி மெல்ல மெல்லக் குறைங்கன்னு இருக்கு. இதைப் பக்கத்துல இருந்து செய்ய வைக்கிற ஆள் கிடைச்சா சர்டிஃபிகேட் அப்புறம் பாத்துக்கலாம்.

கேள்வி: அந்த 8 மணி நேரத்தை ஒரே நாள்ல முடிக்கணுமா?
- பிஏ (ஃபிசிஷியன் அசிஸ்டண்ட், டாக்டர்கூட சேந்து வைத்தியம் பாக்குறவர்) வேலை பாக்கும் வாசகர், டாலஸ்

பதில்: வேண்டாம் தம்பி, துண்டு துண்டா சேத்துக்கலாம். படிச்சு முடிச்சு 5 வருஷத்துக்குள்ளன்னா, காலேஜ் பாடத்துலயே அந்த 8 மணி நேரம் இருந்துச்சான்னு கேட்டுப் பாருங்க, இருந்துச்சுன்னா அதுவே கணக்குல வந்துரும்.