கையுறையும் வாழைப்பழமும்: செவிலியர் ஒருவரின் கேள்வி

கேள்வி: நான் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ரப்பர் கையுறை அணிந்த சில நிமிடங்களில் கையில் தடிப்பும் தொடர் தும்மலும் வருகின்றன. அண்மையில் வாழைப்பழம் சாப்பிட்டபோது உதடு அரித்தது. அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடக்க இருக்கிறது. நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்பே பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

கையுறையால் வரும் அரிப்பெல்லாம் ஒவ்வாமை அல்ல. பெரும்பாலும் வியர்வையும் ஓயாத கைகழுவலும் தோலை வறளச் செய்வதே காரணம். ஓரிரு நாள் கழித்துக் கொப்புளமும் வெடிப்புமாக வருவது, ரப்பர் தயாரிப்பில் சேர்க்கப்படும் தையூரம் போன்ற வேதிப்பொருள்களால் ஏற்படும் தோல் ஒவ்வாமை. உங்களுக்கோ நிமிடங்களிலேயே தடிப்பு எழுகிறது, மூக்கும் பாதிக்கப்படுகிறது. இது ரப்பர் பாலில் (லேடெக்ஸ்) உள்ள புரதங்களுக்கு எதிரான, உயிருக்கே ஆபத்தாகக்கூடிய மூன்றாவது வகையாக இருக்கலாம். வாழை, அவகாடோ, கிவி ஆகியவற்றின் சில புரதங்கள் ரப்பர் பாலின் புரதங்களை ஒத்திருப்பதால், உங்கள் உதட்டு அரிப்பு அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்துகிறது. அதற்காக எல்லாப் பழங்களையும் ஒதுக்க வேண்டாம். தொல்லை தந்த பழத்தை மட்டும் தவிர்த்தால் போதும்.

ஒவ்வாமை நிபுணரிடம் ஐ.ஜி.ஈ. (ஒவ்வாமையில் பங்கேற்கும் எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனையும், அவர் தேவையெனக் கருதினால் தோல் குத்துப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். முடிவு வரும் வரை ஒவ்வாமை உறுதியானது போலவே நடந்துகொள்ளுங்கள். அறுவை மருத்துவரிடம் மட்டுமன்றி மயக்க மருத்துவரிடமும் இதை நேரில் சொல்லுங்கள். கையுறை, வடிகுழாய் உட்பட அனைத்தும் லேடெக்ஸ் இல்லாதவையாக இருக்க வேண்டும். முந்தைய அறுவைகளின் கையுறைத் துகள் காற்றில் இராதபடி அன்றைய முதல் அறுவையாக உங்களுடையதை வைக்கச் சொல்வதும் நல்லது.

பணியிடத்தில் நீங்கள் மட்டும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைக்கு மாறினால் போதாது. பவுடர் பூசிய ரப்பர் கையுறையைச் சக பணியாளர் கழற்றும்போது, புரதம் ஒட்டிய மாவு காற்றில் பரவி உங்கள் மூச்சில் சேரும். அமெரிக்கா 2017 ஜனவரி முதல் பவுடர் கையுறைகளைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே உங்கள் பிரிவில் பவுடர் கையுறையே இருக்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். பெட்டியில் 'ஹைப்போஅலர்ஜெனிக்' (ஒவ்வாமை வாய்ப்புக் குறைவு) என்று அச்சிட்டிருப்பதை நம்பிவிட வேண்டாம். பொருளில் இயற்கை ரப்பர் இருக்கிறதா என்பதே கேள்வி. நைட்ரைலிலும் கை வெடித்தால், அதிலும் சேர்க்கப்படும் வேதிப்பொருள்களைச் சந்தேகித்து, அவற்றைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வீட்டில் பலூன், சமையலறை ரப்பர் கையுறை, லேடெக்ஸ் ஆணுறை ஆகியவற்றைத் தவிர்க்கவும். ஆணுறைக்குப் பாலியூரித்தேனில் மாற்று உண்டு. 'லேடெக்ஸ் பெயிண்ட்' எனப்படுவதில் பொதுவாக இயற்கை ரப்பர் இருப்பதில்லை, அதற்கு அஞ்ச வேண்டாம்.

மூச்சுத் திணறலோ, தொண்டை இறுக்கமோ, தலைசுற்றலோ வந்தால் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தொடைத் தசையில் உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். நீங்கள் வீட்டில் இருந்தால் 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கால்களை உயர்த்திப் படுத்திருங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காருங்கள்.