செம்பருத்தியை மரமாக நிறுத்தலாமா?
தோட்டம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வாசலில் நாலு வருஷச் செம்பருத்தி ஒன்று இருக்கிறது. அடியிலிருந்தே ஆறேழு தண்டு கிளம்பி வழியை அடைக்கிறது. ஒற்றைத் தண்டில், குடை விரித்தாற்போல் நிறுத்த முடியுமா? காவடிக்குப் பூவும் வேண்டும்.
(வாசகி, ரோஸ் ஹில்)

பதில்: நிறுத்தலாம் அம்மா. நம் மொரீஷியஸில் ஆகஸ்ட் கடைசியில், குளிர் விலகும்போது தொடங்குங்கள். நேராக நிற்கும் தடித்த தண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றில் பாதியை அடியோடு வெட்டுங்கள். மீதியை ஆறு வாரம் கழித்து எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்தால் வேருக்குச் சோறு போட இலை இருக்காது.

தண்டை ஒட்டி இரும்புக் குழாய் ஒன்றை 45 செ.மீ. மண்ணுக்குள் இறக்கி, பழைய சேலைத் துணியால் எட்டு வடிவில் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். தண்டு பருக்கும்போது அது பட்டைக்குள் இறங்கும். காற்றில் அந்த இடத்தில்தான் ஒடியும்.

பலரும் சறுக்குவது அடுத்த வேலையில்: தண்டு பளிச்சென்று தெரியட்டும் என்று பக்கத் துளிர்களை முதல் நாளே உருவிவிடுகிறார்கள். தண்டைப் பருக்க வைப்பதே அந்த இலைகள்தான். உங்கள் தண்டு கூட்டத்துக்குள் வளர்ந்தது, உயரத்துக்கு ஏற்ற பருமன் இராது. ஒவ்வொரு துளிரையும் இரண்டு மூன்று இலையோடு கிள்ளி விடுங்கள். தண்டு தானாக நிற்கும் பலம் வந்தபின் கீழிருந்து மேலாக எடுங்கள். மண்ணோரம் வரும் துளிரை மட்டும் இளசிலேயே பெருவிரலால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். கத்தரியால் வெட்டினால் அடிக்கணு தங்கி, ஒன்று இரண்டாகும்.

தலை, அதாவது குடைபோல் கிளை விரியும் பகுதி, தொடங்க வேண்டிய உயரத்தைவிட நுனி 20 செ.மீ. மேலே போனதும் கிள்ளுங்கள். கீழே நாலைந்து கணுக்கள் விழித்துக்கொள்ளும். அந்தக் கிளைகள் ஐந்து இலை விட்டதும் அவற்றையும் கிள்ளுங்கள். செம்பருத்தி புதுக்கிளையில்தான் மொட்டு வைக்கும்; கிள்ளக் கிள்ளப் பூ இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும். ஆகவே அக்டோபரோடு நிறுத்துங்கள், தைப்பூசத்துக்குப் பூ இருக்கும். முதல் வருஷத்திலேயே தலை முழுதாக நிறைந்துவிடாது. மிச்சத்தை அடுத்த ஆகஸ்டில் பார்க்கலாம்.

நவம்பர் முதல் மே நடு வரை நமக்குப் புயல் காலம். அடர்ந்த தலை பாய்போலக் காற்றை வாங்கும். உள்ளே உரசும் கிளைகளை அதற்கு முன்பே எடுத்துக் காற்றுக்கு வழிவிடுங்கள். குழாய் தலைக்குள் ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும். கீழேயே நின்றுவிட்டால் அதன் விளிம்பில் தண்டு முறியும். புயல் எச்சரிக்கையின் முதல் படியான முதல் வகுப்பு அறிவிப்பு வந்ததுமே கட்டுகளைச் சோதியுங்கள்.

கேள்வி: மரமாக வளர்த்த காகிதப்பூவில் வெறும் இலைதான் வருகிறது. ஏன்?
(வாசகர், ஃப்ளாக்)

பதில்: தண்ணீரும் தழைச்சத்தும் கூடிவிட்டன. இரண்டு விரல் ஆழம் மண் காய்ந்தபிறகே நீர் விடுங்கள். இங்கே வெயிலுக்குக் குறைவில்லை, செடி முழு வெயிலில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும் பூத்த கிளைகளைப் பாதியாக வெட்டுங்கள், அடுத்த பூ புதுத் துளிரில் வரும். தலையிலிருந்து சாட்டையாக நீளும் கொடியைக் கண்டவுடன் வெட்டுங்கள். முள் நீளமானது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.