மாலையில் சரி, காலையில் குறைவு: கையைவிட வெயிலைச் சந்தேகியுங்கள்

தம்பி, பாலக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள கஞ்சிக்கோட்டுப் பட்டறையில் மாலை நீங்கள் அளந்தபோது 100.00 மில்லிமீட்டர் இருந்த அலுமினிய விமானப் பாகம், மறுநாள் குளிரூட்டிய ஆய்வறையில் 99.98 காட்டியது, பழி பயிற்சிக்கு வந்த உங்கள்மேல் விழுந்தது என்கிறீர்கள். எனக்கென்னவோ குற்றவாளி பாலக்காட்டு வெயில்தான்.

வரைபடத்தில் உள்ள அளவுகள் 20 டிகிரி செல்சியசுக்கு உரியவை. அலுமினியம் மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும். பட்டறை 36 டிகிரி என்று வையுங்கள்: 100 மில்லிமீட்டர் துண்டு 37 மைக்ரான் நீளும். நீங்கள் அளந்த கருவியான மைக்ரோமீட்டரும் எஃகுதானே, அதுவும் ஏறத்தாழப் பாதியளவு விரிந்திருக்கும். மிச்சம் 18 மைக்ரான். உங்கள் 0.02 கணக்கு கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வெட்டிய சூட்டோடு அளந்திருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

இனி துண்டையும் கருவியையும் ஆய்வறைக் கருங்கல் மேசையில் சில மணி நேரம் ஆறவிட்டு அளங்கள். மைக்ரோமீட்டரை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காதீர்கள். மாணவனாக இருந்தபோது அப்படிப் பிடித்து நானும் திட்டு வாங்கியிருக்கிறேன். அளவோடு வெப்பநிலையையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம்: குறைந்த துண்டை நல்லவற்றோடு சத்தமில்லாமல் கலந்துவிடாதீர்கள். விமானப் பாகத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் பிறப்புச் சான்றிதழ் மாதிரி தொகுதி எண் உண்டு. அந்த எண்ணோடு சூப்பர்வைசரிடம் போய் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கல்லூரிக்குத் தரவேண்டிய பயிற்சி அறிக்கைக்கும் இதையே எழுதலாம்.