டைனமோடிபி டேபிளில் 100 ஐட்டம் ஏற்றினேன், 80தான் இருக்கிறது. மீதி எங்கே போனது?

ஒரு சிஎஸ்வி ஃபைலில் இருந்த 100 வரிகளை பைத்தான் கோட் மூலம் அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தில் ஏற்றியிருக்கிறீர்கள், எர்ரர் ஒன்றும் வரவில்லை, ஆனால் டேபிளில் 80 ஐட்டம்தான் (பதிவுதான்) இருக்கிறது, சரியாகச் சேர்ப்பது எப்படி என்பது உங்கள் கேள்வி. இதே மாதிரி ஒரு விஷயத்தில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அந்த 80 என்ற எண் எங்கிருந்து வந்தது? அமேசானின் இணையக் கன்சோலில் டேபிள் விவரத்தில் தெரியும் ஐட்டம் எண்ணிக்கை உடனுக்குடன் மாறாது, ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஸ்கேன் (டேபிள் முழுவதையும் படிக்கும் அழைப்பு) போட்டு எண்ணியிருந்தால், ஒரு ஸ்கேன் அழைப்பு 1 எம்பி தரவைப் படித்ததும் நின்றுவிடும். மீதி இருக்கிறது என்பதற்கு அடையாளமாக 'லாஸ்ட் எவால்யுவேட்டட் கீ' என்று ஒன்றைத் திருப்பித் தரும். அதை அடுத்த அழைப்பில் கொடுத்து, அது வராமல் போகும் வரை சுற்றினால்தான் முழுக் கணக்கு கிடைக்கும்.

சரியாக எண்ணியும் 80தான் என்றால், டேபிள் பக்கமே போகாமல் உங்கள் கணினியிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். சிஎஸ்வியில் இருந்து கீயாக, அதாவது ஐட்டத்தின் அடையாளமாகப் போகும் மதிப்புகளை மட்டும் எடுத்து (முதல் பகுதியான பார்ட்டிஷன் கீயோடு இரண்டாம் பகுதியான சார்ட் கீயும் இருந்தால் இரண்டையும் ஜோடியாக), ஒரே மதிப்பை இரண்டு முறை வைக்காத பைத்தான் செட்டில் போட்டு அதன் நீளத்தைப் பாருங்கள். அதுவும் 80 என்றால் காரணம் கிடைத்துவிட்டது: சில வரிகள் ஒரே கீயோடு திரும்ப வந்திருக்கின்றன.

ஓர் ஐட்டத்தை எழுதும் 'புட் ஐட்டம்' அழைப்பின் பெயரைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் "சேர்" என்று புரிந்துகொள்கிறார்கள். எஸ்கியூஎல் பழகியவர்களுக்கு இது இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே இன்சர்ட் செய்யும்போது அதே பிரைமரி கீ ஏற்கெனவே இருந்தால் தரவுத்தளம் மறுத்துவிடும். டைனமோடிபி மறுக்காது. அதே கீயில் ஏற்கெனவே ஓர் ஐட்டம் இருந்தால் அதை முழுசாகத் தூக்கிவிட்டு நீங்கள் கொடுத்ததை வைக்கும். பழையதில் 10 அட்ரிபியூட் (பெயர், முகவரி போன்ற புலங்கள்) இருந்து புதியதில் 2 மட்டும் இருந்தால், கடைசியில் மிஞ்சுவது அந்த 2தான். இது அதன் கணக்கில் வெற்றிகரமாக முடிந்த வேலை, எர்ரர் வருவதற்கு இடமே இல்லை.

நான் மாட்டியது இதில்தான். பயனர் விவரங்கள் இருந்த ஒரு டேபிளில் எல்லோருக்கும் ஃபோன் எண் சேர்க்க வேண்டியிருந்தது. பயனர் ஐடி, ஃபோன் எண் இரண்டை மட்டும் வைத்து லூப்பில் புட் ஐட்டம் எழுதினேன், ஸ்கிரிப்ட் சுத்தமாக ஓடி முடிந்தது. மறுநாள் பார்த்தால் யாருக்கும் பெயர் இல்லை, முகவரி இல்லை, ஃபோன் எண் மட்டும் இருக்கிறது. அங்கே எழுதியிருக்க வேண்டியது 'அப்டேட் ஐட்டம்'. சொன்ன அட்ரிபியூட்டை மட்டும் மாற்றி மற்றதைத் தொடாமல் விடுவது அதுதான். (அதிலும் ஒரு கவனம் வேண்டும்: அந்தக் கீ டேபிளில் இல்லையென்றால் அப்டேட் ஐட்டம் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும், தப்பான ஐடி கொடுத்தால் அரைகுறையாக ஓர் ஐட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.) எங்கள் டேபிளில் 'பாயிண்ட் இன் டைம் ரெகவரி' ஆன் செய்யப்பட்டிருந்ததால் தப்பித்தோம். கடந்த 35 நாட்கள் வரை, வேண்டிய நேரத்தில் டேபிள் எப்படி இருந்ததோ அப்படியே மீட்டுத் தரும், ஆனால் அதை ஒரு புதிய டேபிளாகத்தான் தரும். அங்கிருந்து பெயரையும் முகவரியையும் படித்துப் பழைய டேபிளுக்குக் கொண்டுவருவதில் எனக்கு இரண்டாவது நாள் முழுக்கப் போனது. இந்த வசதி தானாக ஆன் ஆகி இருக்காது, நாம்தான் செய்ய வேண்டும். உண்மையான தரவு உள்ள எந்த டேபிளாக இருந்தாலும், அதைச் செய்துவிட்டு அப்புறம் ஏற்றும் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.

சரி, "இருந்தால் தொடாதே, இல்லையென்றால் மட்டும் சேர்" என்று எப்படிச் சொல்வது? புட் ஐட்டம் அழைப்பிலேயே 'கண்டிஷன் எக்ஸ்பிரஷன்' என்று ஒரு பாராமீட்டர் உண்டு. அதில் 'அட்ரிபியூட் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' ஃபங்ஷனுக்குள் உங்கள் பார்ட்டிஷன் கீயின் பெயரைக் கொடுங்கள். சார்ட் கீ இருந்தாலும் பார்ட்டிஷன் கீயை மட்டும் சொன்னால் போதும், ஏனென்றால் இந்த நிபந்தனை டேபிள் முழுவதையும் தேடாது, அதே முழுக் கீயில் இருக்கும் அந்த ஓர் ஐட்டத்தை மட்டும்தான் பார்க்கும். ஏற்கெனவே இருந்தால் 'கண்டிஷனல் செக் ஃபெயில்ட்' எக்ஸெப்ஷன் வரும், காலி டேபிளில் ஓட்டினால் உங்கள் 20 வரிகளும் ஒவ்வொன்றாக அதில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். முதலில் 'கெட் ஐட்டம்' போட்டுப் பார்த்துவிட்டு இல்லையென்றால் புட் செய்யலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள், பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொரு புரோகிராம் எழுதிவிடலாம். நிபந்தனையோடு எழுதும்போது பார்ப்பதும் எழுதுவதும் ஒரே செயலாக நடக்கும்.

இதில் பலரைக் குழப்பும் இடம் ஒன்று இருக்கிறது. எழுதும் வேலை சர்வரில் நடந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்துபோனால், பைத்தானில் இருந்து டைனமோடிபியை அழைக்கும் போட்டோ3 லைப்ரரி தானாகவே மறுபடி முயலும். இரண்டாவது முயற்சி பார்ப்பது உங்கள் முதல் முயற்சி எழுதிய ஐட்டத்தையே! அதனால் நிபந்தனை தோற்றதாக வரும், நீங்களும் வேறு யாரோ எழுதிவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். முக்கியமான தரவு என்றால் ஒவ்வொரு ஐட்டத்திலும் அந்த முறை எழுதுவதற்கென்று ஒரு தனி ஐடி வைத்து, நிபந்தனை தோற்கும்போது டேபிளில் இருக்கும் ஐட்டத்தின் ஐடியோடு ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் அது உங்களுடையதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரே கீயில் வந்த அந்த வரிகள் உண்மையிலேயே வேறு வேறு பதிவுகள் என்றால் கண்டிஷன் உங்களைக் காப்பாற்றாது, கீ வடிவமைப்பிலேயே குறை இருக்கிறது. மாணவர் எண்ணை மட்டும் கீயாக வைத்து மதிப்பெண் ஏற்றினால், ஒரு மாணவருக்குக் கடைசியாக வந்த பாடம் மட்டும்தான் நிற்கும். மாணவர் எண் பார்ட்டிஷன் கீ, பாடக் குறியீடு சார்ட் கீ என்று இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே உருவாக்கிய டேபிளின் பிரைமரி கீயை மாற்ற முடியாது, புதிய டேபிள்தான் வழி. 100 வரிகளில் இது தெரியவந்தது நல்லதே.

செட்டின் நீளம் 100 வந்துவிட்டது, அதாவது கீ எல்லாம் தனித்தனிதான் என்றால், நீங்கள் பேட்ச் ரைட் (பல ஐட்டங்களை ஒரே அழைப்பில் எழுதுவது) பயன்படுத்தினீர்களா என்று பாருங்கள். ஓர் அழைப்பில் அதிகபட்சம் 25 ஐட்டங்கள், மொத்தம் 16 எம்பி வரை. அந்த 25இல் சிலவற்றை மட்டும் எழுத முடியாமல் போனால் எக்ஸெப்ஷன் வராது. எழுதாதவை பதிலுக்குள் 'அன்பிராசஸ்ட் ஐட்டம்ஸ்' என்ற பட்டியலில் அமைதியாகத் திரும்பி வரும், அதை எடுத்துக் கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அனுப்புவது உங்கள் பொறுப்பு. நிறைய பேர் அந்தப் பதிலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. போட்டோ3இல் டேபிள் ஆப்ஜெக்ட்டின் 'பேட்ச் ரைட்டர்' இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆனால் அதைக் கட்டாயம் 'வித்' பிளாக்குக்குள் வையுங்கள், ஏனென்றால் 25 சேராமல் பஃபரில் மிச்சம் இருக்கும் ஐட்டங்கள் அந்த பிளாக்கை விட்டு வெளியே வரும்போதுதான் அனுப்பப்படும். ஒரே பேட்சில் ஒரே கீ இரண்டு முறை வந்தால் எர்ரர் வரும். அதைத் தவிர்க்க 'ஓவர்ரைட் பை பிகீஸ்' என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது, அது முந்தைய வரியை எறிந்துவிட்டுக் கடைசி வரியை மட்டும் வைத்துக்கொள்ளும். செட்டின் நீளம் 80 வந்து, எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கோடில் அது இருந்தால் உங்கள் 20 வரிகள் போன இடம் அதுவாகவும் இருக்கலாம். பேட்சில் கண்டிஷன் வைக்கவும் முடியாது. 100 வரிகளுக்கு பேட்ச் தேவையே இல்லை என்பது என் கருத்து, கண்டிஷனோடு ஒவ்வொன்றாகப் புட் செய்யுங்கள்.

கடைசியாக, தசம எண்கள். போட்டோ3 ஃப்ளோட் வகையை ஏற்காது, டெசிமல் கேட்கும். 72.5 என்று ஃப்ளோட்டாக அனுப்பினால் டைப் எர்ரர் வரும். சிஎஸ்வியில் இருந்து படிக்கும்போது மதிப்பு ஸ்ட்ரிங்காகத்தான் வருகிறது, அதை ஃப்ளோட் ஆக்காமல் நேராக டெசிமலுக்குக் கொடுங்கள். 400 கேபியைத் தாண்டிய ஐட்டமும் ஏற்காது, அதில் அட்ரிபியூட் பெயர்களின் அளவும் சேரும். இவை இரண்டுமே சத்தமாக எர்ரர் தருபவை, ஆனால் லூப்புக்குள் ட்ரை போட்டு, எக்ஸெப்ட்டில் வெறும் பாஸ் என்று எழுதியிருந்தால் உங்கள் கண்ணில் எதுவும் படாது. எர்ரர் ஒன்றும் வரவில்லை என்று சொன்னீர்களே, அப்படி ஒரு பாஸ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.