மழை நிண்ட பிறகும் கிணற்றில புழுவா?

வணக்கம். மாரி முடிஞ்சு ரெண்டு மாசமாகியும் மன்னார் வீட்டுக் கிணற்றில நுளம்புப் புழு நெளியுது, இது டெங்கா மலேரியாவா எண்டு கேட்டிருந்தீங்கள்.

ஒரு வெள்ளைக் கோப்பையில அள்ளி, கொஞ்ச நேரம் ஆடாமல் வச்சுப் பாருங்கோ. தலைகீழாய்த் தொங்கினால் அது டெங்கு நுளம்பாயோ, கியூலெக்ஸ் எண்ட இன்னொரு வகை நுளம்பாயோ இருக்கும். ஈர்க்குத் துண்டு மிதக்கிற மாதிரி நீர்மட்டத்தோட ஒட்டிக் கிடந்தால் அனோபிலிஸ், மலேரியா நுளம்புகளின்ர இனம். அதுக்குச் சுவாசக் குழாய் இல்லை, அதாலதான் அந்தக் கிடை.

மழை நிண்டால் நுளம்பு குறையும் எண்டு நம்பாதேங்கோ. எங்கட பழைய மலேரியா நுளம்பு கியூலிசிஃபேசீஸ் ஆறு வற்றின குட்டைகளிலதான் பெருகும். இலங்கையில 1934-35 மலேரியாக் கொள்ளைநோய் வந்ததே வறட்சியாலதான். 2016 கடைசியில மன்னாரில பிடிபட்ட ஸ்டீபன்சி எண்ட மற்ற மலேரியா நுளம்புக்கு மழையே தேவையில்லை, கிணறும் தொட்டியும் போதும்.

பாவிக்கிற கிணறெண்டால் புழுவைத் தின்னிற கப்பி மீன் விடுங்கோ. மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், குடிக்கிற தண்ணி! பாவிக்காத கிணற்றை நுளம்பு வலையால இறுக்கி மூடுங்கோ.

கிடையாய்க் கிடக்கிற புழுவெண்டால் நாலைஞ்சைப் போத்தலில பிடிச்சு, உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் குடுங்கோ. நாட்டில இப்ப உள்ளூர் மலேரியா இல்லை, ஆனாலும் அது ஸ்டீபன்சியோ எண்டு பாக்கச் சுகாதாரப் பகுதிக்கு அந்தப் போத்தல் வேணும்.