தக்காளி விலையைப் பார்த்து போர்வெல் போடலாமா?

கேள்வி (மாரண்டஅள்ளி பக்கத்திலிருந்து ஒரு வாசகி): எங்களுக்கு மூன்று ஏக்கர். போர்வெல்லில் தண்ணீர் வரத்து ஒன்றரை இஞ்சுக்கு இறங்கிவிட்டது. தக்காளி நல்ல விலைக்குப் போகிறது, நகையை வைத்து இன்னொரு போர் போட்டால் நாலு பறிப்பில் மீட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. இன்று நாற்று நட்டால் முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இன்றைய விலையைப் பார்த்து நீங்கள் நடுகிற அதே வாரத்தில்தான் பாலக்கோடு, ராயக்கோட்டை, எல்லை தாண்டி கோலார், மதனப்பள்ளி என்று எல்லோரும் நடுகிறார்கள். எல்லார் காயும் சேர்ந்துதான் மண்டிக்கு வரும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, அடுத்த இரண்டு மாதத்துக்குள் என்ன கதிக்கு வந்தது என்று உங்கள் வீட்டுக்காரருக்கே நினைவிருக்கும்.

விலை இறங்கிவிடும், அடகு வட்டி இறங்காது. அதோடு நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. பாறை வெடிப்பில் நிற்கிற தண்ணீர்தான் நமக்கு, ஆயிரம் அடி இறக்கினாலும் தண்ணீர் இல்லாமல் புகை மட்டும் வந்த போர் எல்லா ஊரிலும் உண்டு. புதுப் போரில் தண்ணீர் கிடைத்தாலும் அது உங்கள் பழைய போருக்கு வந்துகொண்டிருந்த தண்ணீராகவே இருக்கலாம்.

முதலில் கையில் இருப்பதை அளந்து பாருங்கள். மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயடியில் வையுங்கள். (போட்டவுடன் அளந்தால் குழிக்குள் தேங்கி நின்ற தண்ணீர் ஏமாற்றும்.) நாலு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 3,000 லிட்டர், ஆறு மணி நேரம் ஓட்டினால் 18,000. கோடையில் காய்ப்பு நேரத்தில் ஒரு ஏக்கர் தக்காளி சொட்டுநீரிலேயே தினம் 15,000 முதல் 20,000 லிட்டர் வரை கேட்கும். இந்த அளவுதான் வருகிறது என்றால் உங்கள் தண்ணீர் ஒரு ஏக்கர் தக்காளிக்குத்தான். மூன்று ஏக்கரிலும் நட்டால் எதுவும் உருப்படாது.

சொட்டுநீர் இன்னும் போடவில்லை என்றால் போருக்கு முன்னால் அதைப் போடுங்கள், சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. ஆனால் அதனால் தண்ணீர் மிச்சமானால் அதில் இன்னொரு ஏக்கர் தக்காளி வைக்காதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான், விலை விழுந்தால் நஷ்டம் இரண்டு மடங்காகிவிடுகிறது. மிச்சத் தண்ணீரில் கொஞ்சத்தை விலை முன்கூட்டியே தெரிகிற பயிருக்குத் தள்ளுங்கள். கேழ்வரகுக்கு 2025-26 ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய், நம் இரண்டு மாவட்டத்திலும் அரசு கொள்முதல் செய்கிறது. தக்காளியில் அடிக்கிற லாபம் இதில் வராது, சரி. ஆனால் நகை பெட்டியிலேயே இருக்கும். பட்டுப்புழுவுக்கு இலை தரும் மல்பெரியும் நல்ல யோசனை. பட்டுக்கூட்டின் விலை ஏறி இறங்கும்தான், ஆனால் ஒரு பேட்ச் புழு வளர்க்காமல் விட்டாலும் தோட்டம் அழியாது. தண்ணீர் குறைந்தால் கவாத்து பண்ணிவிட்டுக் காத்திருக்கலாம்.

கேள்வி (ராயக்கோட்டை வாசகர்): 25 கிலோ தக்காளி கிரேட் (பெட்டி) மண்டியில் 80 ரூபாய். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் சேர்த்தால் 95 ஆகிறது. இன்னும் ஒரு மாதக் காய் செடியில் நிற்கிறது, 70,000 போட்டாச்சு. தண்ணீர் விடுவதா, நிறுத்துவதா?

பதில்: அந்த 70,000-ஐ இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பறித்தாலும் விட்டாலும் அது போனது போனதுதான். இன்று பறித்தால் கிரேட்டுக்கு 15 ரூபாய் கைக்காசு போகிறது, 40 கிரேட் அனுப்பினால் 600 ரூபாய். ஆகவே இன்று பறிக்க வேண்டாம். விலை 130-க்கு வந்தால், போட்ட முதல் முழுசாகத் திரும்பாது என்றாலும் பறியுங்கள், அப்போது ஒவ்வொரு கிரேட்டும் கொஞ்சமாவது கொண்டுவரும்.

தண்ணீருக்கு இன்னொரு கணக்கு. 1990-இலிருந்து விவசாய மின்சாரம் இலவசம், அதனால் மோட்டார் ஓடினால் காசு போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. விலை செத்த பயிருக்கும் பாய்ச்சிக்கொண்டே இருக்கிறோம், மே மாதம் மோட்டார் காற்றை இழுக்கும்போதுதான் உறைக்கிறது. அந்தத் தண்ணீர் போருக்குள் நின்றிருந்தால் மாட்டுத் தீவனத்துக்கோ அடுத்த நடவுக்கோ ஆகியிருக்கும். ஒரு சுற்று வண்டியில் போய் பக்கத்து ஊர்த் தோட்டங்களைப் பாருங்கள். எங்கே பார்த்தாலும் பூவும் பிஞ்சுமாக இளம் தோட்டங்கள் நின்றால் அடுத்த மாதமும் வரத்து குறையாது, அப்படியென்றால் பழைய பாத்திகளின் வால்வை இன்றே மூடுங்கள். தோட்டங்கள் ஓய்ந்திருந்தால், கோலார் பக்கம் மழையில் காய் அழுகுகிறது என்று மண்டியில் சொன்னால், இளசான பகுதிக்கு மட்டும் அளவைக் குறைத்து விட்டு இரண்டு வாரம் பார்க்கலாம்.

கேள்வி (காரிமங்கலம் வாசகர்): பயிர்க் காப்பீடு விலை வீழ்ச்சிக்குப் பணம் தருமா?

பதில்: தராது. பிரதமரின் பயிர்க் காப்பீடு மகசூல் இழப்புக்குத்தான். வறட்சி, வெள்ளத்துக்காகக் கட்டுங்கள், விலைக்கு அதை நம்பாதீர்கள்.

கேள்வி (பர்கூர் வாசகர்): 2024 வறட்சியில் டேங்கர் தண்ணீர் வாங்கி மாமரங்களுக்கு ஊற்றினேன். 2025-இல் பெங்களூரா ரக மாங்காயைக் கேட்க ஆளில்லை. ஊற்றியது வீண்தானே?

பதில்: வீண் இல்லை ஐயா. உயிர்த் தண்ணீர் வேறு, காய் பெருக்க விடுகிற தண்ணீர் வேறு. மரம் சாகாமல் இருக்க விட்டதை ஒரு வருட மாங்காய் விலையோடு வைத்துப் பார்க்கவே கூடாது, மரம் போனால் திரும்பக் காய்ப்புக்கு வர எத்தனை வருடம் என்று உங்களுக்குத் தெரியும். காய் பெருக்க வாங்குகிற தண்ணீருக்குத்தான் மாங்காயை வாங்குகிற மாம்பழக் கூழ் ஆலை என்ன விலை தரும் என்ற கேள்வி. அது தெரியாமல் காசு கொடுத்து டேங்கர் வாங்காதீர்கள். இனி ஒரு கடும் கோடை வந்தால் இளங்கன்றுகளுக்கு முதலில் ஊற்றுங்கள், வேர் ஆழமாக ஓடிய பெரிய மரங்கள் கொஞ்சம் தாங்கும். ஊற்றிய ஈரம் அன்றே காயாமல் இருக்க மரத்தடியில் சருகும் தென்னை மட்டையும் தடிமனாகப் பரப்பி வையுங்கள்.