முன்னறையில் மாமியார்: சினிமா கேள்வி – பதில்

‘தி ஃப்ரன்ட் ரூம்’ பேய்ப்படமா? என் மருமகளுக்கு ஏழாம் மாதம். இருவரும் சேர்ந்து பார்க்கலாமா?
– வாசகி, கரூர்

பேய் கிடையாது. பயம் முழுக்க மாமியாரிடமிருந்துதான். 2024 செப்டம்பரில் வந்த அமெரிக்கப் படம். சூசன் ஹில்லின் சிறுகதையை வைத்து மேக்ஸ், சாம் எக்கர்ஸ் சகோதரர்கள் இயக்கிய முதல் முழுநீளப் படம். பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் பெலிண்டாவின் வீட்டுக்கு, கணவனின் மாற்றாந்தாய் சொலாஞ்ச் வந்து சேர்கிறாள். பெலிண்டா ஏற்கெனவே ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவள். மலம், சிறுநீர் காட்சிகளும் நிறைய. உங்கள் மருமகள் பெற்றுப் பிழைத்து, உடம்பு தேறட்டும். இப்போது வேண்டாம்.

மாமியார் வந்து தங்குவதை வைத்துத் திகில் குறும்படம் எடுக்கிறோம். பேய் இல்லாமல் எப்படிப் பயமுறுத்துவது?
– கல்லூரி மாணவர்கள், மதுரை

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். வந்தவளை ஏன் திருப்பி அனுப்ப முடியவில்லை என்பதற்கு அதில் பதில் இருக்கிறது. தன்னை வைத்துப் பார்த்துக்கொண்டால் சொத்து முழுக்க உங்களுக்கு என்கிறாள் சொலாஞ்ச். தம்பதிக்கோ பணமுடை. இந்த முடிச்சு இல்லையென்றால் “ஊருக்கு பஸ் ஏற்றிவிட வேண்டியதுதானே” என்று பார்ப்பவர் கேட்டுவிடுவார். அடுத்து, குழந்தைக்கென்று ஒதுக்கிய முன்னறையே அவளுக்குப் போகிறது. அதற்கு மேல் வசனம் எதற்கு?

பயத்தில் பாதி சத்தம். இரண்டு கைத்தடிகளை ஊன்றி நடக்கிறாள் சொலாஞ்ச். அந்த ‘டொக், டொக்’ உங்களுக்கும் வேண்டுமென்றால் கேமரா மைக்கை நம்பாதீர்கள். தடியின் அடி ரப்பரைக் கழற்றிவிட்டு, மைக்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். மொசைக் தரையில் சத்தம் கூர்மையாகச் சிதறும். பலகை போட்டு அதன்மேல் தட்டினால் கனம் கிடைக்கும். ஆளில்லாத அறையின் ஒலியையும் ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் எடிட்டிங்கில் வெட்டிய இடமெல்லாம் காதை உறுத்தும். தடிச் சத்தத்தின் மேல் பின்னணி இசையை ஏற்றவே கூடாது.

சறுக்கும் இடம் இன்னொன்று. படுக்கை நனைவது முதுமையின் நோய். அதை அரக்கத்தனமாகக் காட்டினால் பார்ப்பவர் மனசு கிழவி பக்கம் சாய்ந்துவிடும், சாயவும் வேண்டும். இந்தப் படமே அங்கே தடுமாறுகிறது. சில காட்சிகளில் பயம் வரவேண்டிய நேரத்தில் சிரிப்பு வருகிறது. உடம்பு செய்வதையும் அவள் வேண்டுமென்றே செய்வதையும் பிரித்து எழுதுங்கள். கறுப்பினத்தவளான மருமகளிடம் சொலாஞ்ச் பேசும் இனவெறிப் பேச்சுதான் உண்மையில் நடுங்க வைக்கிறது. அவளை மருமகளோடு தனியாக விட்டுவிட்டுக் கணவன் வேலைக்குக் கிளம்பிக் கதவைச் சாத்துகிறானே, உங்கள் கதையை அந்த ஷாட்டிலிருந்தே தொடங்கலாம்.

மாமியாராக நடித்தவரை எங்கோ பார்த்த ஞாபகம்...
– வாசகர், தஞ்சாவூர்

கேத்ரின் ஹன்டர். 2021-ல் வந்த மேக்பெத் படத்தில் மூன்று சூனியக்காரிகளும் அவர் ஒருவரே. ஹாரி பாட்டர் ஐந்தாம் படத்தில் அக்கம்பக்கத்துத் திருமதி ஃபிக்காக வருபவரும் அவர்தான்.